யூரோப்பியம் படிகத்தில் லேசர் அதிர்வெண்ணைப் பூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

யூரோப்பியம் கலந்த இட்ரியம் ஆர்த்தோசிலிக்கேட் படிகத்தை 4 கெல்வினுக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். 580 நானோமீட்டரில் இருக்கும் அதன் உட்கவர் கோட்டில் (படிகம் ஒளியை உறிஞ்சும் அதிர்வெண் பட்டை) மெல்லிய துளை ஒன்றை, அதாவது ஒளி உறிஞ்சப்படாத ஒரு குறுகிய இடைவெளியை, லேசராலேயே எரிக்க வேண்டும். பிறகு அந்தத் துளையில் லேசரைப் பூட்ட வேண்டும், அதாவது லேசரின் அதிர்வெண் துளையைவிட்டு நகராமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். சொல்லும்போது மூன்றே வரிதான். இந்த வேலைக்கு வரும் புதியவர்கள் ஒளியியலிலோ மின்னணுவிலோ அவ்வளவாகத் தடுமாறுவதில்லை, வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். ஐந்தாம் படியில் பார்க்க வேண்டியதை முதல் நாளே பார்க்கப் போய், மூன்று மாதம் கழித்துப் படிகத்தை வெளியே எடுத்து மறுபடி ஒட்டுவதை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எதிரெதிரே வைத்த இரண்டு ஆடிகளுக்கு நடுவில் ஒளியை அலையவிடும் கண்ணாடிக் கேவிட்டி ஓர் அளவுகோல், எத்தனை தடவை அளந்தாலும் தேயாது. துளை அப்படி இல்லை. அதை எழுதியது உங்கள் லேசர்தான், அதைப் படிக்கும் ஒளியும் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கும். கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவை.

1. கையில் இருக்க வேண்டியவை

முதலில் லேசர். 580 நானோமீட்டரில் நேரடியாக நல்ல டயோடு கிடைப்பது அரிது. அதனால் 1160 நானோமீட்டர் டயோடு லேசரை லித்தியம் நையோபேட் அலைவழியில் செலுத்தி அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குவதுதான் இன்று வசதியான வழி. 580-இல் சில மில்லிவாட் கிடைத்தால் போதும். துளை வேலைக்கு அதில் மிகச் சிறிய பங்குதான் செலவாகும்.

இரண்டாவது, அந்த லேசரை முன்கூட்டியே அடக்கிவைக்கும் ஒரு கேவிட்டி. பவுண்ட்-டிரீவர்-ஹால் முறையில் (கேவிட்டியிலிருந்து திரும்பும் ஒளியைக் கொண்டு லேசர் எவ்வளவு விலகியது என்று அளக்கும் முறை) பூட்டி, லேசரின் கோட்டகலத்தை (அதன் அதிர்வெண் பரவியிருக்கும் அகலம்) சில பத்து ஹெர்ட்ஸுக்குள் கொண்டுவந்த பிறகே படிகத்தின் பக்கம் போங்கள். எரித்த துளை, எரித்த லேசரைவிட ஒடுக்கமாக இருக்க முடியாது. லேசர் 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஆடினால் துளையும் அந்த அகலத்துக்குத்தான் வரும். இதைத் தாண்டிச் செல்லக் குறுக்குவழி கிடையாது.

மூன்றாவது, ஏஓஎம் (ஒலி அலையால் ஒளியின் அதிர்வெண்ணை நகர்த்தும் கருவி), ஈஓஎம் (மின்புலத்தால் ஒளியின் அதிர்வெண்ணுக்கு இருபுறமும் பக்க அலைகளை உண்டாக்கும் கருவி), அவற்றை ஓட்டும் ரேடியோ அதிர்வெண் மூலங்கள். இவை எல்லாமே ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் ஆதாரக் கடிகாரத்திலிருந்து ஓடட்டும். தனித்தனிக் கடிகாரத்தில் ஓடினால், பிறகு காணும் நகர்வு படிகத்தினுடையதா மூலத்தினுடையதா என்று பிரித்தறிய முடியாது.

நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: ஒப்பிட்டுப் பார்க்க முற்றிலும் தனியான இன்னொரு நிலையான லேசர் அல்லது அதிர்வெண் சீப்பு (சம இடைவெளியில் பல அதிர்வெண்களைத் தரும் லேசர்). அது இல்லாமல் ஒன்பதாம் படி நடக்காது. படிகம் வருவதற்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

ஏன் யூரோப்பியம்? 793 நானோமீட்டரில் வேலைசெய்யும் தூலியம் கலந்த யாக் படிகத்துக்கு எளிதாக டயோடு கிடைக்கும். ஆனால் காந்தப்புலம் இல்லாமல் அதில் எரித்த துளை சுமார் 10 மில்லிவினாடியில் மறைந்துவிடும். 1.5 மைக்ரோமீட்டர் எர்பியத்துக்கு நல்ல காந்தப்புலம் வேண்டும். யூரோப்பியத்தின் அடிநிலையில் எலக்ட்ரான்களுக்கு நிகரக் காந்தத்தன்மை இல்லை. அதனால் சுற்றுப்புறக் காந்தப்புல இரைச்சல் அதை அவ்வளவாகத் தொடாது, துளையும் மணிக்கணக்கில் நிற்கும். முதல் தடவை செய்பவருக்கு இந்த நீண்ட ஆயுள் பெரிய ஆறுதல்.

2. படிகத்தைப் பொருத்துதல்

இந்தப் படிகத்துக்கு மூன்று ஒளியியல் அச்சுகள் உண்டு: டி1, டி2, பி. ஒளி பி அச்சு வழியாகப் போக வேண்டும். போலரைசேஷன் (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) டி1 அச்சோடு இருந்தால்தான் உட்கவர்தல் அதிகமாக இருக்கும். படிகத்தை வாங்கும்போதே எந்த முகம் எது என்று குறி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். குறி இல்லாமல் வந்தால், குறுக்கான இரண்டு போலரைசர்களுக்கு நடுவில் வைத்துச் சுழற்றி அச்சுகளைக் கண்டுபிடித்து, ஒரு மூலையில் பென்சிலால் அடையாளமிடுங்கள். குளிர்வித்த பிறகு தெரியவந்தால் ஒரு வாரம் போய்விடும்.

அடுத்தது ஒட்டுதல், பலர் கைவைத்துக் கெடுக்கும் இடமும் இதுதான். படிகம் அசையக் கூடாது என்று நான்கு பக்கமும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். செய்யாதீர்கள். படிகத்தில் யூரோப்பியம் உட்காரும் இடம் இரண்டு வகை. முதல் வகை இடத்தில், படிகத்தை எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் கோடு பாஸ்கலுக்கு 200 ஹெர்ட்ஸ் அளவில் நகரும். 1 பாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 10 மில்லிகிராம் எடையை வைப்பதற்குச் சமம். அப்படியென்றால் ஒரு திருகாணியின் இறுக்கம் என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதோடு அந்த அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. அதனால் கோடு நகர்வதோடு விரியவும் செய்யும்.

கீழ்முகத்தில் மட்டும் மெல்லிய அளவில் வெள்ளிப் பசையோ குளிர்நிலைக் கிரீஸோ தடவி, படிகத்தைச் செப்புத் தட்டில் சும்மா உட்காரவையுங்கள். மற்ற ஐந்து முகங்களும் எதையும் தொடக் கூடாது. இரண்டாம் வகை இடம் அழுத்தத்துக்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் அசையும். ஆனால் வெப்பநிலைக்கு அது கூடுதலாக அசையும் என்பதால் முதல் வகையிலேயே தொடங்கச் சொல்வேன்.

மின்புலத்தையும் இப்போதே கவனியுங்கள். சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் புலம் இருந்தாலே அயனிகள் சில பத்து கிலோஹெர்ட்ஸ் நகரும். பாதி அயனிகள் மேலேயும் பாதி கீழேயும் நகர்வதால் துளை இடம் மாறாமல் அகன்று, பிறகு இரண்டாகப் பிளக்கும். படிகத்தைச் சுற்றி நிலத்தொடர்பு கொடுத்த உலோகக் கூடு ஒன்று போட்டுவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்தது.

3. குளிர்விப்பு

கோட்டின் இடம் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்து நகரும். ஆகவே அதன் சரிவு (ஒரு கெல்வின் மாறினால் எவ்வளவு நகரும் என்பது) மூன்றாம் அடுக்கில் போகும். 4 கெல்வினிலிருந்து 3 கெல்வினுக்கு இறங்கினாலே சரிவு பாதிக்கும் கீழே வந்துவிடும். எவ்வளவு குளிர் கிடைக்கிறதோ அவ்வளவும் லாபம்.

4 கெல்வினில் சரிவு ஒரு கெல்வினுக்குப் பத்து கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அளவில் இருக்கும். லேசரின் அதிர்வெண் சுமார் 517 டெராஹெர்ட்ஸ். 10⁻¹⁵ நிலைத்தன்மை (அதிர்வெண்ணில் அவ்வளவு பங்குக்கு மேல் நகராமை) வேண்டுமென்றால் அரை ஹெர்ட்ஸுக்குள் நிற்க வேண்டும், அதாவது வெப்பநிலை சில பத்து மைக்ரோகெல்வினுக்குள் நிற்க வேண்டும். வெப்பமானியைக் கிரையோஸ்டாட்டின் (குளிர்விக்கும் கலன்) குளிர்விரலில், அதாவது குளிர் வந்து சேரும் முனையில், வைத்து “நிலையாக இருக்கிறது” என்று நம்பிவிடாதீர்கள். படிகம் உட்கார்ந்திருக்கும் அதே செப்புத் தட்டில் ஒன்று வையுங்கள்.

மூடிய சுற்றுக் குளிர்விப்பான் வினாடிக்கு ஒன்றிரண்டு தடவை துடிக்கும். துடிப்பு இரண்டு வழியில் தொல்லை தரும். ஒன்று, முடுக்கத்தால் படிகம் நெளிவது. ஒரு ஜி (புவியீர்ப்பு) முடுக்கத்துக்குக் கோடு 10⁻¹¹ அளவில் நகரும். ஆகவே ஆயிரத்தில் ஒரு ஜி அதிர்வு 10⁻¹⁴ வரை கொண்டுபோகும். மற்றது டாப்ளர் நகர்வு. ஒளியின் திசையில் படிகம் வினாடிக்கு 1.4 தடவை, 1 மைக்ரோமீட்டர் வீச்சில் ஆடினால், அயனிகள் பார்க்கும் அதிர்வெண் 15 ஹெர்ட்ஸ் மேலும் கீழும் போகும். பலருக்கும் இதை நம்பக் கடினமாக இருக்கும். வேகத்தை அலைநீளத்தால் வகுத்துப் பாருங்கள், அதுதான் விடை.

அதிர்வின் பெரும்பகுதி பொதுவாகச் செங்குத்துத் திசையில்தான் இருக்கும். எனவே ஒளிக்கற்றையைக் கிடையாக அனுப்புங்கள். படிகத் தட்டை மென்மையான செப்புப் பின்னலால் குளிர்விரலோடு இணையுங்கள். தட்டிலேயே ஒரு சிறு ஆடி பொருத்தி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு பாதையின் நீளத்தை நிலைப்படுத்தினால் டாப்ளர் பகுதியும் அடங்கும்.

4. ஹீலியம் அறை

இது கட்டாயமில்லை, ஆனால் முடிந்தால் செய்யுங்கள். படிகத்தைச் சிறு மூடிய அறைக்குள் வைத்து, கொஞ்சம் ஹீலியம் வாயு நிரப்புவார்கள். வெப்பநிலை ஏறினால் வாயுவின் அழுத்தமும் ஏறும். அழுத்தம் கோட்டை ஒரு பக்கம் தள்ளும், வெப்பநிலை எதிர்ப்பக்கம் தள்ளும். சரியான அளவு வாயு இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, வெப்பநிலைச் சரிவு பூஜ்ஜியத்தை ஒட்டி வந்துவிடும். அமெரிக்காவின் போல்டரில் உள்ள நிஸ்ட் (தேசியத் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனம்) ஆய்வகம் 2011-இல் யூரோப்பியம் படிகத்தில் 6×10⁻¹⁶ நிலைத்தன்மையை எட்டிக் காட்டியது. இந்த ஈடுகட்டும் வழியும் அந்த வேலையோடு வந்ததுதான்.

இங்கே நடக்கும் பிழை எளிமையானது. அறை வெப்பநிலையில் நிரப்பி மூடிய வாயு 4 கெல்வினுக்குப் போகும்போது அழுத்தம் 75-இல் ஒரு பங்காகக் குறையும். குளிரில் வேண்டிய அழுத்தத்தையே மேலே நிரப்பிவிட்டு “ஈடுகட்டவே இல்லையே” என்று வருந்துபவர்கள் உண்டு. நிரப்பும் குழாயை விட்டுவைத்தால் அளவைத் திருத்த வழி இருக்கும். ஆனால் அந்தக் குழாயே வெளி வெப்பத்தை உள்ளே கொண்டுவரும், ஆகவே மெல்லியதாகவும் நீளமாகவும் வையுங்கள்.

5. கோட்டைத் தேடுதல்

அலைநீளமானியில் வெற்றிட அலைநீளம் 580.04 நானோமீட்டர் வரும் இடத்துக்கு லேசரைக் கொண்டுபோங்கள். அது முதல் வகை இடம். இரண்டாம் வகை 580.21-இல் இருக்கும். அலைநீளமானி காற்றின் மதிப்பைக் காட்டுகிறதா வெற்றிடத்தின் மதிப்பைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 0.16 நானோமீட்டர் வித்தியாசம், அதை வைத்து ஒன்றை மற்றதாக எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு.

கோட்டின் முழு அகலம், கலப்பின் அளவைப் பொறுத்து, ஒன்றிரண்டு கிகாஹெர்ட்ஸ் இருக்கும். லேசரின் அதிர்வெண்ணை நகர்த்தி அதை அலசும்போது ஒளியை நன்றாகக் குறைத்து, வேகமாக அலசுங்கள். மெதுவாக, பலமான ஒளியில் அலசினால் போகிற வழியெல்லாம் அயனிகளைக் கிளறிவிட்டுப் போவீர்கள். அப்புறம் எரிக்கும் துளை சுத்தமான தளத்தில் விழாது. அப்படி ஆகிவிட்டால் பயமில்லை. வேண்டிய பகுதியைச் சுற்றிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை பலமான ஒளியை வேகமாக அலையவிட்டால் அயனிகள் மீண்டும் கலந்துவிடும். முற்றாக அழிக்க வேண்டுமென்றால் படிகத்தைச் சூடாக்கி மறுபடி குளிர்விக்கலாம்.

கோட்டின் உச்சியில் ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து வெளிவந்தால் நல்லது. அதைவிடக் கருமையாக இருந்தால் போட்டோடயோடுக்கு ஒளி வராது. அதைவிட மங்கலாக இருந்தால் துளைக்கும் தளத்துக்கும் வேறுபாடு போதாது.

6. துளை எரித்தல்

ஒளி பட்ட அயனி கிளர்ந்து, சுமார் 2 மில்லிவினாடியில் கீழே இறங்கும். இறங்கும்போது புறப்பட்ட அடிநிலைக்கே வர வேண்டும் என்று கட்டாயமில்லை. யூரோப்பியத்தின் இரண்டு ஐசோடோப்புகளுக்கும் அடிநிலை மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வேறொன்றில் இறங்கிய அயனி அங்கேயே மணிக்கணக்கில் தங்கிவிடும். அந்த அதிர்வெண்ணில் உட்கவர ஆள் இல்லை என்றால் அது துளை.

கற்றையைச் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு விரியுங்கள். இது அழகுக்காகச் செய்வதில்லை. சிக்னலின் தரம் மொத்த ஒளியைப் பொறுத்தது. துளை தேய்வதோ ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஒளியைப் பொறுத்தது. ஒரே ஒளியைப் பெரிய பரப்பில் பரப்பினால் சிக்னல் அப்படியே இருக்கும், தேய்மானம் குறையும்.

எரிக்கும் ஒளியின் அளவுக்கு ஓர் எண்ணைத் தருவதைவிட வழியைச் சொல்கிறேன். ஏதோ ஓர் அளவில் ஒரு வினாடி எரித்து, துளையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஒளியைப் பாதியாக்கி, நேரத்தை இரட்டிப்பாக்கி, புதிய இடத்தில் எரியுங்கள். அகலம் குறைந்துகொண்டே வரும், ஒரு கட்டத்தில் நிற்கும். அங்கே நிறுத்துங்கள். இந்த அயனியின் இயல்பான ஒருபடித்தான அகலம் (தனி அயனி ஒன்றின் கோட்டின் அகலம்) மிக நல்ல சூழலில் 122 ஹெர்ட்ஸ் வரை அளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உங்கள் மேசையில் ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் அகலத் துளை வந்தால் சந்தோஷப்படலாம். பத்து கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றால் ஒளியைக் குறைத்துப் பயனில்லை. லேசரின் கோட்டகலத்தையும் அதிர்வையும் மின்புலத்தையும் பாருங்கள்.

ஒரே துளையை எரித்து அதை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். பத்து, இருபது துளைகளை ரேடியோ அதிர்வெண்ணால் துல்லியமாக இடைவெளிவிட்டு எரித்து, மாறி மாறிப் படியுங்கள். ஒவ்வொன்றின் மீதும் விழும் சுமை அந்த அளவுக்குக் குறையும்.

7. துளையைப் படித்தல்

கேவிட்டியில் பழகியவர்கள் இங்கேயும் ஈஓஎம்மில் பக்க அலைகள் போட்டு, அதே முறையில் எரர் சிக்னல் (லேசர் எந்தப் பக்கம், எவ்வளவு விலகியது என்று காட்டும் சிக்னல்) எடுக்கப் பார்ப்பார்கள். அது வேலைசெய்யும். ஆனால் இங்கே பக்க அலைகள் போய்விழுவது எரிக்காத தளத்தில். அரை மணி நேரத்தில் அவையும் தமக்கென்று துளைகளை எரித்துக்கொள்ளும். எரர் சிக்னலின் சரிவு மாறும், அதன் பூஜ்ஜியமும் மெல்ல நகரும். லேசர் அதன் பின்னாலேயே போகும்.

இதற்கு இரண்டு தீர்வு. பக்க அலைகள் விழும் இடங்களிலும் முன்கூட்டியே துளை எரித்துவிடலாம். நான் விரும்புவது மற்றதை: துளைக்குப் பக்கத்தில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பள்ளம் ஒன்றைச் சுத்தமாக எரித்து, அதன் நடுவில் ஓர் ஒளியையும் துளையில் இன்னொன்றையும் அனுப்பி, இரண்டின் கட்டத்தையும் (ஒளி அலை எந்த நிலையில் இருக்கிறது என்பது) ஒப்பிடுவது. பள்ளத்தின் நடுவில் போகும் ஒளியைப் படிகம் ஏறக்குறைய தொடாது. பாதையில் ஏற்படும் இரைச்சல் இரண்டுக்கும் பொது, கழித்தால் போய்விடும். மிஞ்சுவது துளை தந்த கட்டம் மட்டும்.

அதிர்வெண் இடைவெளிகளைத் தேர்வுசெய்யும்போது 34.5, 46.2, 90, 119 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகாதீர்கள். முதல் வகை இடத்தில் இரண்டு ஐசோடோப்புகளின் அடிநிலைப் பிரிவுகள் அவை. ஒரு துளையிலிருந்து துரத்தப்பட்ட அயனிகள் இந்த இடைவெளிகளை ஒட்டித்தான் மேடாகக் குவிந்திருக்கும். உங்கள் இரண்டாவது ஒளி அந்த மேட்டில் போய் நின்றால் எரர் சிக்னலில் காரணம் புரியாத ஒரு சாய்வு (பூஜ்ஜியம் ஒரு பக்கம் தள்ளிப்போவது) வரும்.

படிக்கும் ஒளி எரித்த ஒளியைவிட மிகக் குறைவாக இருக்கட்டும். மணிக்கு ஒரு தடவை துளையின் ஆழத்தையும் அகலத்தையும் பதிவுசெய்யுங்கள். அந்த வரைபடம்தான் எவ்வளவு ஒளியைத் தாங்கும் என்று உங்களுக்குச் சொல்லும்.

8. பூட்டுதல்

வேகமான இரைச்சலை அடக்குவது கேவிட்டியின் வேலை. துளை மெதுவான நகர்வை மட்டும் திருத்தட்டும். ஒரு கிலோஹெர்ட்ஸ் அகலத் துளை மில்லிவினாடிக் கணக்கில்தான் பதில் சொல்லும். அதைவிட வேகமாகத் திருத்தச் சொன்னால் சர்வோ (திருத்தும் மின்சுற்று) ஊசலாடும். வினாடிக்குச் சில பத்துத் தடவை திருத்தினால் ஏராளம். திருத்தத்தைக் கேவிட்டிக்கும் படிகத்துக்கும் நடுவில் இருக்கும் ஏஓஎம்முக்குக் கொடுங்கள், கேவிட்டிப் பூட்டைத் தொடாதீர்கள்.

கேவிட்டி ஒரே சீராக நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நகர்வை முதலில் அளந்து, அதற்கு எதிரான சீரான ஏற்றத்தை ஏஓஎம் மூலத்துக்கு நேரடியாகக் கொடுங்கள். அப்போது சர்வோ தள்ள வேண்டியது கொஞ்சம்தான்.

இப்போது மிக முக்கியமானது. எரர் சிக்னலில் சிறு சாய்வு இருந்தால், கேவிட்டியில் பூட்டிய லேசர் கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். இங்கே அப்படி இல்லை. லேசர் துளையின் நடுவைவிட்டுத் தள்ளி நிற்கும், நின்ற இடத்தைப் புதிதாக எரிக்கும், துளையின் நடு அந்தப் பக்கம் நகரும், லேசர் இன்னும் தள்ளிப் போகும். நிலையான சாய்வு ஓயாத ஓட்டமாக மாறிவிடும். ஈஓஎம்மில் எஞ்சிய வீச்சு மாற்றம், ஜன்னல்களில் பட்டுத் திரும்பும் ஒளி, போலரைசேஷன் வழுவுதல் எல்லாமே இந்தச் சாய்வைத் தரும். பூட்டுவதற்கு முன், துளை இல்லாத பள்ளத்தில் இரண்டு ஒளியையும் விட்டு ஒரு மணி நேரம் சிக்னலைப் பதிவுசெய்யுங்கள். அது பூஜ்ஜியத்தில் நிற்காவிட்டால் பூட்டாதீர்கள்.

9. சோதித்தல்

பூட்டிய பிறகு எரர் சிக்னல் தட்டையாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். சர்வோ தன் வேலையைச் செய்கிறது என்பதற்குத்தான் அது சான்று. துளையே ஓடினாலும் சிக்னல் தட்டையாகத்தான் இருக்கும்.

முதலில் சொன்ன அந்தத் தனி லேசரோடு பீட் (இரண்டு லேசர்களின் அதிர்வெண் வித்தியாசம்) எடுத்து, ஆலன் விலகலை (சராசரி எடுக்கும் நேரத்தைப் பொறுத்து அதிர்வெண் எவ்வளவு அலைகிறது என்ற அளவு) 1 வினாடியிலிருந்து 1000 வினாடி வரை போடுங்கள். ஒப்பிடும் லேசர் உங்கள் கேவிட்டியோடு எதையும் பகிரக் கூடாது. ஒரே மேசையில் ஒரே குளிர்விப்பான் அதிர்வை இரண்டும் வாங்கினால் பீட்டில் அந்த அதிர்வு தெரியாமலே போகும்.

வரைபடத்தில் 1 வினாடிக்குள் மேடு இருந்தால் குளிர்விப்பானின் துடிப்பு. சில பத்து வினாடிக்குப் பிறகு ஏறினால் பெரும்பாலும் வெப்பநிலை. அதை உறுதிசெய்ய, படிகத் தட்டை வேண்டுமென்றே சில மில்லிகெல்வின் மேலும் கீழும் ஆட்டி, பீட் அதே தாளத்தில் ஆடுகிறதா என்று பாருங்கள். வெப்பநிலை நிலையாக இருக்கும்போதே பீட் ஒரே பக்கம் நேர்கோட்டில் ஓடினால், படிக்கும் ஒளியைப் பாதியாக்குங்கள். ஓட்டமும் கூடவே குறைந்தால் எட்டாம் படியின் சாய்வு இன்னும் போகவில்லை என்று பொருள். குறையவே இல்லையென்றால் ஒப்பிடும் லேசர்தான் நகர்கிறதா என்று மூன்றாவது ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.